முடித்துவைக்க ஆளில்லாத உண்ணாவிரதம்

என் வீட்டுக்காரர் மணவாளனுக்கு 'மாட்டேன்' என்ற வார்த்தை வாயில் வராது. பிறவியிலேயே அப்படியா, வளர்ப்பினாலா என்று கல்யாணமான நாளிலிருந்து நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன், விளங்கவில்லை. ஒரு வருஷம் சிதம்பரத்தில் ஆனித் தேர் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். கீழவீதியில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் இவரைப் பார்த்து, "சார், செருப்பக் கொஞ்சம் பாத்துக்கங்க, தோ வந்துடறோம்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போனது. அவ்வளவுதான். மனுஷன் பொழுது சாய்கிறவரை அந்தச் செருப்புகளுக்குக் காவல் நின்றார். நான் தனியாகத் தேரைக் கும்பிட்டுவிட்டு வந்து "வாங்க போவலாம்" என்றால், "அவுங்க இன்னும் வரல பட்டு" என்கிறார். தலையில் அடித்துக்கொண்டு நானும் பக்கத்தில் நின்றேன்.

சாப்பாட்டிலும் அதே கதைதான். பந்தியில் உட்கார்ந்தால் "இன்னும் கொஞ்சம் பாயாசம்?" என்று கேட்கிற ஆளின் மனம் நோகக்கூடாது என்று நான்கு முறை வாங்கிக்கொள்வார். நோகக்கூடாது என்பது அவர் சொல்கிற காரணம். உண்மையில் மனுஷனுக்குச் சாப்பாடு என்றால் உயிர். காலையில் எட்டு இட்லி, பதினொரு மணிக்கு ஆபீஸ் கேன்டீனில் போண்டா, மத்தியானம் நான் கட்டிக் கொடுக்கிற மூன்றடுக்குத் தூக்கு. இப்பேர்ப்பட்ட ஆளைத்தான் உண்ணாவிரதத்தில் உட்கார வைத்தார்கள், பாவிகள்.

அவர் வேலை பார்த்தது கடலூர் மஞ்சக்குப்பத்தில், கயிறு வலைக் கழகத்தின் மண்டல அலுவலகத்தில். அரசாங்கக் கழகம். கயிறும் வலையும் எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள், நான் போனபோதெல்லாம் பீரோவையும் மேசையையும்தான் பார்த்தேன். தபால் பிரிவில் உதவியாளர். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ். அகலப்பாதை போடுகிறோம் என்று ரயிலை நிறுத்தி வைத்திருந்த காலம் அது. செம்மங்குப்பம் வந்தால் பஸ்ஸில் எல்லாரும் கெமிக்கல் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொள்வார்களாம். இவர் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் மெதுவடை தின்பாராம். பெருமையாக அவரே சொன்னது.

முப்பது நாற்பது பேர் வேலை செய்கிற அந்த ஆபீசில் சங்கம் மூன்று இருந்தது. ஒன்றுக்குத் தேவநாதன் தலைவர், இன்னொன்றுக்கு வைத்திலிங்கம், மூன்றாவதுக்கு அந்தோணிசாமி. மூன்று பேரும் ஒருவருக்கொருவர் முகம் பார்த்துப் பேச மாட்டார்கள். ஒருவர் பொங்கலுக்கு வாழ்த்துச் சொன்னால் மற்ற இருவரும் கண்டன அறிக்கை ஒட்டுவார்கள். என் வீட்டுக்காரர் மூன்று சங்கத்திலும் உறுப்பினர். மூன்று பேரும் தனித்தனியாகச் சாப்பாட்டு வேளையில் வந்து கேட்டார்களாம், எப்படி மறுப்பது என்று மூன்றிலும் சேர்ந்துவிட்டாராம்.

அந்த ஆபீசைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தவள் விருத்தாம்பாள். புவனகிரி பக்கத்துக்காரி. இருபது வருஷத்துக்கு மேலாகத் தினக்கூலி. இவள் வந்து கதவைத் திறந்து பெருக்கினால்தான் மற்றவர்கள் வந்து உட்கார முடியும், ஆனால் ஆபீஸ் கணக்கில் இவள் ஊழியர் கிடையாது. ஊழியர் இல்லாததால் எந்தச் சங்கத்திலும் சேரவும் முடியாது. 2008 பிப்ரவரி மாதக் கடைசியோடு அவளுக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது. அதற்குள் நிரந்தரம் செய்துவிட்டால், கடைசி நாளாகவே இருந்தாலும், பழைய வருஷங்களையும் சேர்த்துக்கொண்டு பென்ஷன் கிடைக்கும் என்று அந்தக் கழகத்தில் ஒரு விதி. ஒரு நாள் தவறினாலும் ஒன்றும் கிடையாது. சாகிறவரைக்கும் விளக்குமாறுதான். புருஷன் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. பிள்ளை திருப்பூரில் இருக்கிறான், இருக்கிறான் என்பதோடு சரி.

இதற்காகத்தான் மூன்று சங்கமும் வரலாற்றிலேயே முதல்முறையாகக் கூட்டு நடவடிக்கைக் குழு அமைத்தன. எனக்கு இன்றைக்கும் சந்தேகம், மற்ற இருவரும் செய்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் ஒவ்வொருவரும் வந்தார்கள். சாகும்வரை உண்ணாவிரதம் என்று தீர்மானம் போட்டாகிவிட்டது. யார் சாவது என்பதில்தான் சிக்கல். ஒரு சங்கத்துத் தலைவர் உட்கார்ந்தால் பேர் அந்தச் சங்கத்துக்குப் போய்விடும். தவிர, தேவநாதனுக்குச் சர்க்கரை. வைத்திலிங்கத்துக்கு அல்சர். அந்தோணிசாமி, "நான் ஏற்கனவே தவக்காலத்துல இருக்கறேன், ஒரே வயித்துல ரெண்டு விரதம் தாங்காது" என்று சொல்லிவிட்டார். மூன்று சங்கத்துக்கும் பொதுவான ஆள் யார்? மூன்று பேரும் சேர்ந்து தபால் பிரிவுக்கு வந்தார்கள். இவர் தூக்கைத் திறந்து புளிச்சோற்றை வாய் நிறைய வைத்திருந்த நேரம். "மச்சான், நீதான் உக்காரணும்" என்றார் தேவநாதன். வாயில் சோறு இருந்ததால் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினீர்கள் என்று அன்று இரவு கேட்டேன். "முழுங்கிட்டுச் சொல்றேன்னுதான் ஆட்டினேன் பட்டு. அதுக்குள்ள கை தட்டிட்டாங்க" என்றார். நான் பத்திரகாளியாகிவிட்டேன். சட்டியை ஒரு பக்கம், கரண்டியை ஒரு பக்கம் போட்டேன்.

அப்போதுதான் அவர் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். "எல்லாரும் என்கிட்ட எதாவது கேப்பாங்க பட்டு. விருத்தாம்பா மட்டும் ஒரு நாளும் ஒண்ணும் கேட்டதில்ல." அதற்கு மேல் நான் கத்தவில்லை.

லீப் வருஷமாகப் போனதால் அந்த மாதத்துக்கு ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்திருந்தது. வியாழக்கிழமை காலையில் ஆபீஸ் வாசலில் ஷாமியானா போட்டு, மாலை போட்டு இவரை உட்கார வைத்தார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். நான் வீட்டில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானமே போன் வந்துவிட்டது. "பட்டு, ஜெயிச்சாச்சு! மெட்ராஸ்ல ஒத்துக்கிட்டாங்க!" நான் சந்தோஷத்தில் வாழைக்காய் வறுத்து, வத்தக்குழம்பு வைத்து, அப்பளம் பொரித்துக் காத்திருந்தேன். ஆள் வரவில்லை. மறுபடி போன் போட்டால், "இன்னும் முடிச்சுவைக்கல பட்டு" என்கிறார், சுரத்தே இல்லாத குரலில்.

என்ன நடந்தது என்றால், தலைமை அலுவலகம் ஒத்துக்கொண்டது உண்மை. ஆணை டைப் அடித்து மேனேஜர் ஸ்ரீதர் மேசையில் தயாராக இருக்கிறது. உண்ணாவிரதம் இன்னாரால் முடித்துவைக்கப்பட்டது என்று மூன்று தலைவர்களும் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தால் அவர் ஆணையில் கையெழுத்துப் போடுவார். உண்ணாவிரதத்தை எப்படி முடித்துவைப்பார்கள்? பழச்சாறு கொடுத்து. பழச்சாறு கொடுக்கிற கைதான் மறுநாள் பேப்பரில் போட்டோவாக வரும். வெற்றி அந்தக் கைக்குச் சொந்தம். அப்படியானால் எந்தக் கை?

வெள்ளிக்கிழமை விடிந்ததும் இட்லி அவித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஷாமியானாவுக்குப் பின்னால் 'மாபெரும் வெற்றி' என்று புதிதாக ஒரு பேனர். அதற்கு முன்னால் வெற்றி பெற்றவர் கண் உள்ளே போய், உதடு வெடித்து, தலையணைமேல் சாய்ந்து கிடக்கிறார். ரோட்டில் போன ஒருத்தர் சைக்கிளை நிறுத்தி என்னிடம் விசாரித்தார்.

"என்னா கோரிக்கை?"

"கோரிக்கை நேத்தே நிறைவேறிடுச்சுங்க."

"அப்பறம் எதுக்கு உண்ணாவிரதம்?"

"யாரு முடிச்சுவைக்கறதுன்னு பேச்சுவார்த்தை நடக்குதுங்க."

அவர் என்னைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார், சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

பேச்சுவார்த்தை என்றால் சும்மா இல்லை, மூன்றாம் சுற்று நடந்துகொண்டிருந்தது. வியாழக்கிழமை முழுக்க நடந்ததை விருத்தாம்பாள்தான் எனக்குச் சொன்னாள். சம்பளத்துக்குக்கூட இவர்கள் இப்படிப் பேரம் பேசியதில்லையாம். தேவநாதன் சாத்துக்குடி ஜூஸோடு நின்றார், வைத்திலிங்கம் எலுமிச்சை, அந்தோணிசாமி இளநீர். மூன்றையும் ஒரே டம்ளரில் ஊற்றி மூன்று பேரும் சேர்ந்து பிடிப்பது என்று ஒரு யோசனை வந்தது. எதை முதலில் ஊற்றுவது, யார் கை மேலே இருப்பது என்பதில் அது உடைந்தது. ஒரே நேரத்தில் மூன்று டம்ளரை வாயில் வைப்பது என்றும் பேசி, இவரை வாயைத் திறக்கச் சொல்லி அகலம் பார்த்தார்களாம். இரண்டு டம்ளருக்கு மேல் இடம் இல்லை. அடப்பாவிகளா, அது வாயா, ஊர்ப் பொதுக் கிணறா?

நான் தூக்கைத் திறந்து இட்லியைப் பிட்டு நீட்டினேன். "தின்னுங்க. ஜெயிச்சதுக்கப்பறம் எதுக்குப் பட்டினி?"

"மாட்டேன் பட்டு" என்றார்.

என் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று இன்னொரு முறை நீட்டினேன். தலையைத் திருப்பிக்கொண்டார். அதற்குள் வைத்திலிங்கம் ஓடிவந்தார். "தங்கச்சி, அவசரப்படாதீங்க. பொண்டாட்டி குடுத்தா அது சாப்பாடு. தலைவர் குடுத்தாதான் முடிச்சுவைக்கறது. நீங்க குடுத்தா உண்ணாவிரதம் முறிஞ்சதா ஆயிடும். முறிஞ்சா ஆணையில்ல."

"அப்ப நீங்களே குடுத்துத் தொலைங்களேன்!"

"குடுக்கறேன்னுதான் சொல்றேன், அவரு வாங்க மாட்டேங்கறாரே" என்றார்.

அதுதான் ஆச்சரியம். காலையிலிருந்து மூன்று பேரும் தனித்தனியாக, மற்றவர்கள் வெற்றிலை போடப் போன நேரம் பார்த்து, டம்ளரோடு இவர் பக்கத்தில் வந்து குந்தியிருக்கிறார்கள். "மாமா, ஒரே ஒரு மடக்கு" என்று அந்தோணிசாமி இளநீரை மூக்குக்கு நேரே ஆட்டியிருக்கிறார். யாரிடம் குடித்தாலும் மற்ற இரண்டு பேர் கடிதத்தில் கையெழுத்துப் போட மாட்டார்கள், விருத்தாம்பாள் கதை முடிந்துவிடும் என்று இவருக்குத் தெரியும். மூன்று பேரிடமும் மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். செருப்புக்குக் காவல் நின்ற மனுஷன். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. இட்லித் தூக்கை மூடி மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

மத்தியானம் போயிற்று. வெயில் ஷாமியானாவைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. மேனேஜர் ஸ்ரீதர் மாடி ஜன்னலில் வந்து வந்து பார்த்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் அவருக்கு. விருத்தாம்பாள் வழக்கம்போல் வராந்தாவைப் பெருக்கினாள், குப்பையை அள்ளினாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "அக்கா, நீங்க ஒரு வார்த்த அவுங்ககிட்டக் கேளுங்களேன்" என்றேன். "நான் கேட்டா ஆருக்குக் கேக்கும் பட்டு? ஆபீஸ் மூடறவரைக்கும் பாப்பம்" என்றாள். சொல்லிவிட்டு விளக்குமாற்றைத் தரையில் தட்டிச் சரிசெய்துகொண்டாள்.

நாலு மணியானால் அவள்தான் எதிர்க்கடையிலிருந்து கம்பிக் கூடையில் டீ வாங்கிவந்து எல்லாருக்கும் கொடுப்பாள். அது அவள் வேலையே இல்லை, ஆனாலும் வருஷக் கணக்காக அப்படித்தான். அன்றைக்கும் வாங்கிவந்தாள். தேவநாதன் இடது கையில் ஜூஸைப் பிடித்துக்கொண்டு வலது கையால் டீயை வாங்கினார். வைத்திலிங்கம் வாங்கினார், அந்தோணிசாமி வாங்கினார். மூன்று பேரும் கையைக் காலை ஆட்டிச் சண்டை போட்டுக்கொண்டே உறிஞ்சினார்கள். கடைசி கிளாஸை விருத்தாம்பாள் பழக்கத்தில் என் வீட்டுக்காரர் முன்னால் வைத்துவிட்டு வெறுங்கூடையோடு நகர்ந்தாள். இவரும் கண்ணைத் திறந்தார், கிளாஸை எடுத்தார், இரண்டு முறை ஊதினார், குடித்தார். தபால் மேசையில் தினமும் எப்படிக் குடிப்பாரோ அப்படியே குடித்தார். மடியிலிருந்த தூக்கை இறக்கிவிட்டு நான் எழப் பார்த்தேன். பாதி கிளாஸ் காலியான பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"ஐயையோ!" என்று ஒரு கத்து கத்தினார். "விருத்தாம்பா, ஒன் வேலைய நான் குடிச்சிட்டேனே! குடிச்சிட்டேனே!" கிளாஸைக் கீழே வைக்கவும் தெரியாமல், கையில் பிடித்துக்கொண்டே தேம்பித் தேம்பி அழுதார். அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. விருத்தாம்பாள் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, "உடு தம்பி, உடு. உசுரு கெடந்தாப் போதும்" என்று முதுகைத் தடவினாள். நானும் சேர்ந்து அழுதேன். வேலை போச்சு என்றே நினைத்தோம்.

மேனேஜர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். "உண்ணாவிரதம் முறிஞ்சிடுச்சா?" என்று கேட்டார். மூன்று தலைவர்களுக்கும் அப்போதுதான் ரத்தம் வற்றியது. முறிந்தது என்றால் மூன்று சங்கத்துக்கும் மானம் போகும், அந்த பேனரை எங்கே கொண்டு போய் வைப்பது?

"முறியல சார்! முடிச்சுவைக்கப்பட்டது!" என்றார் தேவநாதன்.

"யாரால?"

தேவநாதன் வாயைத் திறந்தார். வைத்திலிங்கமும் திறந்தார். அந்தோணிசாமியும் திறந்தார். ஒவ்வொருவரும் மற்றவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். இனியும் சும்மா இருந்தால் நான் பொம்பளையே இல்லை என்று எழுந்தேன்.

"விருத்தாம்பா அக்காதான் குடுத்தாங்க! எல்லாரும் பாத்தீங்கல்ல? எழுதுங்கய்யா!"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். விருத்தாம்பாள் தேவநாதன் சங்கம் இல்லை. வைத்திலிங்கம் சங்கமும் இல்லை, அந்தோணிசாமி சங்கமும் இல்லை. அவளுக்குப் பேர் போனால் மற்ற இருவருக்கும் போகாது. அந்த நிம்மதி அவர்கள் முகத்தில் அப்படியே தெரிந்தது. உடனே கடிதம் எழுதி, மூன்று பேரும் முண்டியடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள்.

மேனேஜர் வாங்கிப் படித்தார். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "முடிச்சுவைத்தவர் பெயர் விருத்தாம்பாள், சரி. பதவின்னு இருக்கற எடத்துல ஒண்ணும் இல்லையே?"

"அவுங்களுக்குப் பதவி ஏது சார்? அதுக்குத்தான இவ்ளோ போராட்டம்?" என்றார் தேவநாதன்.

"ஊழியர் இல்லாதவங்க முடிச்சுவச்சா அது வெளியார் தலையீடு. ஏத்துக்க முடியாதே."

"ஆணையில கையெழுத்துப் போட்டீங்கன்னா ஊழியராயிடுவாங்க."

"உண்ணாவிரதம் முடிஞ்சாத்தான் நான் கையெழுத்துப் போட முடியும். ஊழியர் முடிச்சுவச்சாத்தான் முடிஞ்சதா அர்த்தம்."

இந்த ஊரில் பைத்தியக்கார ஆஸ்பத்திரி இல்லாததுதான் குறை என்று நான் வாய்விட்டே சொன்னேன். மேனேஜர் செல்போனை எடுத்துச் சென்னைக்குப் பேசினார். அங்கே எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. "ஆமா சார்... இல்ல சார், டீ சார்... ஜூஸ் இல்ல சார், டீ" என்று ஏதேதோ சொன்னார். கடைசியில் போனை வைத்துவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டார். ஆணையில் முதலில் கையெழுத்துப் போடுவது, அவள் ஊழியரானதும் என் வீட்டுக்காரர் மிச்ச டீயை அவள் கையால் குடிப்பது, அதுதான் உண்ணாவிரதம் முடித்துவைக்கப்பட்டதாகக் கணக்கு. சென்னையில் சொன்ன வழி அது.

அப்படியே நடந்தது. மேனேஜர் கையெழுத்துப் போட்டார். விருத்தாம்பாள் புடவை முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு ஆணையை வாங்கினாள். ஆறிப்போன டீயை அவள் நீட்ட, இவர் குடித்தார். பேப்பர்காரர் மத்தியானமே போய்விட்டிருந்ததால் போட்டோ எடுக்க ஆளில்லை. கடிதத்தில் பதவி என்ற இடத்தில் 'துப்புரவுப் பணியாளர், நிரந்தரம்' என்று எழுதினார்கள். விருத்தாம்பாள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எம் பேரு முழுசா போட்டிருக்காங்க பட்டு" என்றாள்.

ஆபீஸ் மூடுகிற நேரம் நெருங்கிவிட்டதால் மேனேஜர் உடனே இரண்டாவது தாளை எடுத்தார். வயது முதிர்வால் இன்று மாலையோடு ஓய்வு. அதிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஓய்வு பெறுகிறவர்களுக்குப் பொன்னாடை போர்த்துவது வழக்கம். தேவநாதன் ஒன்று கொண்டுவந்தார். அதைப் பார்த்து வைத்திலிங்கம் ஓடிப்போய் ஒன்று வாங்கிவந்தார். அந்தோணிசாமி எங்கிருந்தோ ஒன்றை உருவிக்கொண்டு வந்தார். யார் முதலில் போர்த்துவது? மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. "நாங்கதான் மொதல்ல தீர்மானம் போட்டோம்" என்று ஒருவர், "ஷாமியானா யார் செலவு?" என்று இன்னொருவர். விருத்தாம்பாள் நடுவில் நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள்.

பிறகு உள்ளே போய் விளக்குமாற்றை மூலையில் சாத்திவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். மேனேஜர் மாடிப்படியில் பாதி ஏறியவர், தினமும் சொல்கிற மாதிரியே திரும்பிப் பார்த்து, "விருத்தாம்பா, திங்கக்கெழம கொஞ்சம் சீக்கிரம் வந்துடு. ஆடிட் வர்றாங்க" என்றார்.

அவள் நின்றாள்.

"திங்கக்கெழம நான் வர மாட்டேன் சார். எனக்கு ரிட்டயர்மென்ட்டு. நீங்கதான சார் கையெழுத்துப் போட்டீங்க?"

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு, மூன்று பொன்னாடைகளையும் தாண்டி, புவனகிரி பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள். மேனேஜர் படியிலேயே நின்றுகொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் தலையணையிலிருந்து எழுந்து உட்கார்ந்து அவள் போவதையே பார்த்தார், நானும் பார்த்தேன்.